தடையா? உரிமமா?

கம்பத்திலிருந்து குமுளிக்கு மலையேறிய பேருந்து எல்லைச் சாவடியில் நின்றது. சோதனைக்குப்பின் ஓர் இளைஞனை இறக்கிக்கொண்டு போயினர். கூலிக்குக் கஞ்சாப் பொட்டலம் சுமந்தவனாம். என் வயதுதான் இருக்கும். சரக்கின் உரிமையாளன் அந்தப் பேருந்தில் இல்லை. அன்று என் நெஞ்சில் எழுந்த ஐயமே இக்கட்டுரை.

கஞ்சா என்றுமே தடைப்பொருளாக இருந்ததன்று. ஆங்கிலேயர் காலத்தில் உரிமம் பெற்ற கடைகளில் வரியுடன் விற்கப்பட்டது. 1893-94இல் இதனை ஆராய்ந்த ஆணைக்குழு, முழுத்தடை வேண்டியதில்லை, வரியும் கட்டுப்பாடுமே தக்கவை என்று முடிவு கூறிற்று. 1985ஆம் ஆண்டுச் சட்டமோ கடுமையானது. 20 கிலோவுக்கு மேல் வைத்திருந்தால் 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல்!

விளைவு என்ன? இடுக்கிக் காடுகளில் பயிரை வெட்டி எரித்தனர். பயிர் அருகியது, வாணிகம் அருகவில்லை. இன்று ஆந்திர, ஒடிசா மலைச்சரக்கு கம்பம் வழியாகவும் பாலக்காட்டு இருப்புப்பாதை வழியாகவும் வருகிறது.

பாலக்காட்டு எல்லையில் இன்னொரு பாடம் உண்டு. சித்தூர்த் தோப்புகளில் உரிமத்தோடு கள் இறக்குகின்றனர். கலால் துறை கணக்கு வைக்கிறது. அடுத்துள்ள பொள்ளாச்சியிலோ 1987 முதல் கள் இறக்குவது குற்றம். அதே தென்னை, அதே பாளை. இடையில் ஒரு கோடுதான்!

அப்படியானால் உரிமம் தந்தால் போதுமா? போதாது. உரிமக் கள்ளிலும் மயக்க மருந்து கலந்த வழக்குகள் உண்டு. தமிழ்நாட்டில் 2003 முதல் அரசே மதுவைச் சில்லறையில் விற்கிறது. வருவாய் பெருகப் பெருக, குடியைக் குறைக்கும் மனம் எவருக்கு வரும்? மறுபுறம், கேரளம் 1996இல் சாராயத்தைத் தடுத்தது. 2000இல் கல்லுவாதுக்கலில் நச்சுச்சாராயம் முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இரு வழியிலும் இடர் உண்டு.

போர்ச்சுகல் நாடு 2001இல் நடுவழி ஒன்று கண்டது. தன் பயனுக்குச் சிறிதளவு வைத்திருப்பவன் அங்கே குற்றவாளி அல்லன். சட்டமும் நலவாழ்வும் அறிந்த குழுவின்முன் நிற்கிறான். விற்பவனுக்கே சிறை.

கஞ்சா நன்று என்று நான் கூறவில்லை. பழக்கத்திற்கு அடிமையானவனுக்கு மருத்துவம் வேண்டும். சுமந்த ஏழையைவிடச் சுமக்கவைத்த முதலாளியைச் சட்டம் தேடவேண்டும். உரிமம் தருவதாயின் கருவூலத்தை நிரப்பும் நோக்கம் அதில் கலக்கலாகாது. இம்மூன்றுமே என் கோரிக்கை. மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் மன்றத்தில் எழுந்து பேசுக; கேட்கக் காத்திருக்கிறேன்.