இரண்டு காசுக் காணிக்கை

ஈகை என்றவுடனே பெருஞ்செல்வர்களும் அவர்கள் கட்டிக் கொடுத்த மண்டபங்களும் மருத்துவமனைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. கொடுப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது, படித்து முடித்து வேலைக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று மாணவியராகிய நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் ஈகையை அளக்க கிறிஸ்து பெருமான் எடுத்த அளவுகோல் வேறு. அதைச் சிறிது ஆராய்வோம்.

கைம்பெண்ணின் காணிக்கை

எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு அமர்ந்திருந்தார். செல்வர் பலர் வந்து பெருந்தொகை போட்டனர். ஏழைக் கைம்பெண் ஒருத்தியும் வந்து இரண்டு செப்புக் காசுகளைப் போட்டாள். மாற்கும் லூக்காவும் இந்நிகழ்ச்சியைத் தம் நற்செய்திகளில் எழுதி வைத்துள்ளனர்.

அந்நாளில் புழங்கிய நாணயங்களுள் மிகச் சிறியது அக்காசு. கூலியாள் ஒருவரின் ஒரு நாள் ஊதியம் ஒரு தெனாரியம். அதில் 64இல் ஒரு பங்குதான் அவ்விரண்டு காசுகளின் மதிப்பு. இன்று நம் ஊரில் நாட்கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவள் போட்டது 10 ரூபாய். அந்தப் பத்து ரூபாயால் ஆலயத்திற்கு என்ன ஆகிவிடப் போகிறது? ஆயினும் எல்லாரையும்விட மிகுதியாகக் கொடுத்தவள் அவளே என்று இயேசு தம் சீடருக்குச் சுட்டிக் காட்டினார். மற்றவர் கொடுத்தபின் அவர்கள் கையில் நிறைய மிஞ்சியிருந்தது. அவள் கையிலோ ஒன்றும் மிஞ்சவில்லை. காசு இரண்டு இருந்தபோது ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவும் அவள் நினைக்கவில்லை. கொடுத்த தொகையை நாம் எண்ணுகிறோம். கொடுத்தபின் மிஞ்சியதை இறைவன் எண்ணுகிறார்.

சர்க்கரையும் அரிசியும்

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 1979ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், நோபல் சமாதானப் பரிசு பெற ஆஸ்லோ நகர் சென்ற அன்னை தெரேசா, அங்கு ஆற்றிய உரையில் இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னார்.

கல்கத்தாவில் ஒரு சமயம் சர்க்கரைத் தட்டுப்பாடு. நான்கு வயது இந்துச் சிறுவன் ஒருவன் மூன்று நாள் சர்க்கரையே உண்ணாமலிருந்து, தன் பங்கை அன்னையின் இல்லக் குழந்தைகளுக்குக் கொண்டு வந்து கொடுத்தான். அது எத்தனை கரண்டி இருக்கும்? ஆனால் அச்சிறுவன் கொடுத்தது தன் நாவின் ஆசையை.

மற்றொரு நாள், எட்டுக் குழந்தைகளோடு பட்டினி கிடந்த ஓர் இந்துக் குடும்பத்திற்கு அன்னை அரிசி எடுத்துச் சென்றார். தாய் அதை வாங்கி, உடனே இரு பங்காகப் பிரித்து, ஒரு பங்கோடு வெளியே போய்விட்டாள். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பமும் பசியோடிருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்று மாலை அன்னை மேலும் அரிசி கொண்டு போகவில்லை. பகிர்ந்து கொடுத்த மகிழ்ச்சியை அக்குடும்பம் முழுமையாக அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஏழையிடம் வாங்குவதற்கு மட்டுமன்று, கொடுப்பதற்கும் உண்டு என்பதை இங்கே கற்றுக்கொள்கிறோம்.

சிறுமலரின் வழி

அன்னை தெரேசா தம் துறவறப் பெயரைப் பெற்றது பிரான்சு நாட்டுப் புனிதையான சிறுமலர் தெரேசாளிடமிருந்து. 15ஆம் வயதில் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்து, 24ஆம் வயதில், 1897இல் இறந்தவர் இவர். முதிய சகோதரி ஒருவரை மாலைதோறும் கைத்தாங்கலாக உணவறைக்கு அழைத்துச் செல்வார். அம்முதியவருக்கு ரொட்டியை நறுக்கக் கை ஒத்துழைக்கவில்லை என்று கண்டதும், கேளாமலே நறுக்கிக் கொடுப்பார். தமக்குச் சற்றும் பிடிக்காத ஒரு சகோதரியைக் கண்டால் புன்னகை செய்வார். மடத்துக்கு வெளியே போகாத இவரைத்தான் திருச்சபை 1927இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தது.

நம் ஊரில்

2024 அக்டோபர் 11, ஆயுத பூசை இரவு. மைசூரிலிருந்து பீகார் மாநிலத்துத் தர்பங்காவுக்குச் சென்ற பாக்மதி விரைவு வண்டி, நம் கவரைப்பேட்டை நிலையத்தில் நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. பெட்டிகள் பல தடம் புரண்டன. பலர் காயமுற்றனர்; உயிரிழப்பு ஏதுமில்லை. சுற்றுப்புற மக்கள் பண்டிகையை விட்டு ஓடி வந்து உதவினர். பயணிகள் அருகிலிருந்த திருமண மண்டபங்களில் தங்க வைக்கப்பட்டு உணவளிக்கப்பட்டனர். இருளில் ஒரு செம்பு தண்ணீர் நீட்டுவதற்கு மொழி எதற்கு?

விபத்து நேர்ந்த இரவில் நம் நெஞ்சம் தானே இளகுகிறது. சாதாரண நாட்களில்? கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளிலும் திருவள்ளூர் செங்கற்சூளைகளிலும் உழைப்போருள் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களே. அந்த வண்டியில் பயணம் செய்தவர்களின் உற்றார் உறவினரைப் போன்றவர்கள். மின்சார இரயிலில் அவர்கள் அருகில் அமர்ந்தால் நாம் முகம் சுளிப்பதில்லையா? அவர்கள் பேச்சைக் கேலி செய்வதில்லையா? வழி கேட்பவருக்கு நின்று வழி சொல்வதும், வகுப்பில் தமிழ் தடுமாறும் அவர்கள் பிள்ளைக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுப்பதும் நமக்கு ஒரு காசும் செலவில்லாத கொடைகள்.

பிடியரிசி எடுத்து வைப்பது நம் தமிழ் வீடுகளில் பழைய வழக்கம். உலையில் இடுமுன் ஒரு பிடி, ஏறத்தாழ 50 கிராம். முப்பது நாளில் ஒன்றரைக் கிலோ. இருபது வீடுகள் சேர்ந்தால் மாதம் 30 கிலோ. ஒரு சிறு குடும்பத்தின் பசி அதில் தீரும்.

ஓர் எச்சரிக்கை

கைம்பெண்ணின் காணிக்கையைச் சொல்வதற்குச் சற்று முன்னர்தான், கைம்பெண்களின் உடைமையைப் பறித்துக்கொண்டு ஊரார் காண நெடுநேரம் செபிப்போரை இயேசு கண்டித்தார். இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நின்றுவிட்டு, கோவில் உண்டியலில் ஐந்து ரூபாய் போடுவது ஈகையாகாது. வேலை செய்பவருக்குரிய கூலியைக் குறைத்துவிட்டுத் தீபாவளிக்குப் புடவை கொடுப்பதும் ஈகையாகாது. கிழிந்ததையும் ஊசிப்போனதையும் கழித்துக் கட்டுவதும் அப்படியே. உரியதைக் கொடுப்பது நீதி. அதன்மேல் நம் பங்கிலிருந்து கொடுப்பதே ஈகை.

ஆகவே பெரிதாகக் கொடுக்கும் காலம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நம்மிடம் இருப்பது நேரமோ, இரயிலில் ஓர் இடமோ, மதிய உணவில் ஒரு பங்கோ, எதுவாயினும் இன்றைக்கே கொடுப்போம். கொடுத்ததை எண்ணிக் கொண்டிராமல், நாளையும் கொடுப்போம்.