அளத்து வரப்பில் கால் வைக்கும் முன்

பிள்ளைகளே, தை முதல் வாரத்தில் மரக்காணம் வரப்போவதாகவும், உப்பளத்தையும் கழுவெளி ஈரநிலத்தையும் பார்த்து இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு நிறைந்தது. என் அப்பா இந்த அளத்தில் பாத்தி மிதித்தவர். நானும் பத்தொன்பது வயது வரை உப்பு வாரினேன். பிறகு வாத்தியார் வேலைக்குப் போனாலும், சனி ஞாயிறுகளில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்குள்ள எடையந்திட்டுக் கழிமுகத்தையே சுற்றி வந்தேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். பையைக் கட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. தேதியை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாது. தை பிறந்த பிறகுதான் தண்ணீரை வடித்து, சேற்றை வாரி, பாத்தியைத் திரும்ப உருவாக்குவார்கள். மாசி, பங்குனியில் உப்பு விளையத் தொடங்கி புரட்டாசி வரை வேலை ஓடும். வலசைப் பறவைகளோ மழைக்காலத்தில் வந்து, வெயில் முற்றும்போது கிளம்பிவிடும். இரண்டையும் ஒருசேரப் பார்க்க தை கடைசியும் மாசி முன்பாதியும்தான் தோது.

2. இது ஆளில்லாத வெளி என்று நினைக்காதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தினால் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளிதான். வேலியும் இருக்காது, காவலாளும் இருக்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு பாத்திக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் உழைப்பு இருக்கிறது. உவர்நீரை ஏற்றி, ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றி வெயிலில் சுண்ட விடுவார்கள். கடல்நீரின் அடர்த்தி போமே என்ற அளவுகோலில் 3.5 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அது 25 டிகிரியைத் தொட்டால்தான் உப்பு பூக்கும். 29 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துவிடும். அதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியேற்றியாக வேண்டும். இடையிலுள்ள அந்த நான்கு டிகிரியில்தான் ஒரு பருவத்தின் பிழைப்பு இருக்கிறது. பாத்தியின் தரையை நாள்கணக்கில் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். செருப்புக் கால் அதில் பதிந்தால் களிமண் கிளறி, வாருகிற உப்பெல்லாம் கறுத்து வரும்.

இதைத் தெரிந்திருந்தும் நான் ஒரு தப்பு செய்தேன். ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்த புதிது. உள்ளூர்ப் பெருமையைக் காட்ட நண்பர்கள் நாலு பேரைக் கூட்டி வந்தேன். ஈரம் காயாத வரப்பில் ஐந்து பேரும் வரிசையாக ஓடினோம். ஓரிடத்தில் வரப்பு சரிந்தது. மேல் பாத்தியில் இன்னும் பதத்துக்கு வராத தண்ணீர், உப்பு இறங்கிக்கொண்டிருந்த கீழ்ப் பாத்திக்குள் பாய்ந்தது. விளைந்திருந்த உப்பு எங்கள் கண்ணெதிரிலேயே கரையத் தொடங்கியது. அந்தப் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அத்தை திட்டவில்லை. மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "அளத்துக்காரன் புள்ளதானடா நீ?" என்று மட்டும் கேட்டார். இருட்டும்வரை வரப்பைக் கட்டினோம். உடைப்பை அடைத்துவிட்டோம், போன உப்பைத் திருப்பித் தர எங்களால் முடியவில்லை. அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

3. ஆகவே கேட்டுவிட்டு நடங்கள். "அண்ணே, இந்தப் பக்கம் போலாமா?", "அக்கா, எந்த வரப்பு கெட்டியா இருக்கு?" இது போதும். எதில் போகலாம், எதில் கூடாது என்று அவர்களே கை காட்டுவார்கள். ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுப் போங்கள். இருசக்கர வண்டி எந்தக் காரணத்துக்காகவும் வரப்பில் ஏறக் கூடாது.

4. கூடாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இது உங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஜவ்வாது மலையில் கூடாரம் போட்டுத் தூங்கிய சுகத்தை நீங்கள் மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். மலையில் மர நிழல் உண்டு, ஓடைத் தண்ணீர் உண்டு. இங்கே இரண்டும் கிடையாது. அதைவிடப் பெரிய காரணங்களும் உண்டு. கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. பரப்பு 5,151 ஹெக்டேருக்கு மேல். 2024 ஆகஸ்டில் திருப்பூர் நஞ்சராயன் குளத்தோடு சேர்த்து இதையும் ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் இரவு தங்க முடியாது, தங்கவும் கூடாது. முன்பெல்லாம் இரவில் வலையோடும் துப்பாக்கியோடும் வந்து வாத்தும் கொக்கும் பிடித்துப் போனவர்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. இருட்டில் விளக்கு அலைந்தால் கரையோர கிராமத்து ஆட்கள் சந்தேகப்படுவது நியாயம்தான்.

சரி, கடற்கரை மணலில் போடலாமே என்பீர்கள். சனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். உங்கள் விளக்கையும் அரவத்தையும் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டை பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ரோட்டுப் பக்கம் நகரும்.

அனுமதிச் சீட்டைத் தொந்தரவு என்று எண்ணாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் உங்கள் வயதுப் பிள்ளைகள். அதே ஆண்டில்தான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு அலுவலகத்துக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பதே அந்தச் சீட்டின் பொருள். மரக்காணத்திலோ, சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரியிலோ அறை எடுங்கள். விடிகாலை 4 மணிக்கு எழுந்தால் கூடாரத்தில் கிடைக்கும் விடியல் இங்கேயும் கிடைக்கும்.

5. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். அளத்துக்குள் குடிநீர் கிடையாது. அங்கே வேலை செய்பவர்கள் குடத்தில் கொண்டு வந்திருப்பது அவர்களுக்கே பகல்வரை காணாது; அதைக் கேட்டு வாங்கிக் குடிக்காதீர்கள். வெயில் மேலிருந்து மட்டும் அடிக்காது, வெள்ளை உப்பிலிருந்தும் திரும்ப அடிக்கும். தொப்பி போட்டாலும் முகம் கருகும், கண் கூசும். கறுப்புக் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் துணி சுற்றிக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் அளத்தில் நிற்காதீர்கள்.

6. எடையந்திட்டுக் கழிமுகத்தில் சேற்றில் இறங்க வேண்டாம். காய்ந்த மேல்தோல் தரைபோலத் தெரியும்; அடியில் முழங்கால் வரை, சில இடத்தில் தொடை வரை உள்வாங்கும். கால் சிக்கினால் உதறாதீர்கள். உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து, எடையைப் பரப்பி, ஒவ்வொரு காலாக மெல்ல உருவுங்கள். முகத்துவாரத்தில் குளிப்பது அறவே கூடாது. ஏற்றத்திலும் வற்றத்திலும் அந்த நீரோட்டம் ஆளை இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் விடாது.

7. பறவையைத் தேடி ஓடாதீர்கள், ஓரிடத்தில் உட்காருங்கள். நான் பிள்ளைகளுக்குச் சொன்னதில் இதுதான் எனக்கு முக்கியம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உள்ளானும் ஊசிவால் வாத்தும் இங்கே தின்பதுதான் திரும்பிப் போகும் பயணத்துக்கான கொழுப்பு. நீங்கள் ஒரு படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பினால் அதில் ஒரு பங்கு வீணாகிறது. ட்ரோன் பேச்சே வேண்டாம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையில் குந்துங்கள். கால் மணி நேரத்தில் பவளக்காலி தானே கிட்டே வரும். அந்தச் சிவப்புக் கால்களை வெறுங்கண்ணால் பார்க்கலாம். பூநாரை இருந்தால் உங்கள் பாக்கியம். அது தலையைக் கவிழ்த்து அலகால் தண்ணீரை வடிகட்டுவதைப் பாருங்கள். உவர்நீரில் வளரும் நுண்பாசியும் சின்ன இறால்களும்தான் அதன் இறகுக்கு அந்தச் சிவப்பைத் தருகின்றன.

தென்மேற்கே போகப் போகத் தண்ணீரில் உப்பு குறையும். ஏரிகளின் உபரிநீர் அந்தப் பக்கம்தான் வந்து சேர்கிறது. அங்கே கூழைக்கடா, கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை. ஒரே நீர்நிலைக்குள் உவரும் நன்னீரும் இப்படிக் கலந்து கிடப்பதால்தான் இத்தனை வகை.

8. சித்திரைக்கு மேல் யாராவது வந்தால் வரப்பைக் குனிந்து பார்த்து நடக்கட்டும். பவளக்காலியும் உப்புக்கொத்தியும் வெறும் மண்ணில் முட்டையிடும். மண்கட்டி என்று நினைத்து மிதித்துவிடுவோம்.

9. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வானிலை அறிக்கை பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2020 நவம்பர் 25 நள்ளிரவு நிவர் புயல் மரக்காணத்துக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது. அன்று காலைகூடக் காற்று அவ்வளவாக இல்லையே என்று கடலைப் பார்க்க வந்தவர்கள் உண்டு.

10. படம் எடுக்குமுன் முகம் பார்த்துப் பேசுங்கள். தலையில் உப்புக் கூடையோடு வரிசையாக வரும் பெண்களைத் தூரத்து லென்சில் பிடிப்பது சுலபம். அந்தக் கூடையின் கனம், கால் வெடிப்பு, மழை மாதங்களில் வேலையில்லாத வீடு எதுவும் அந்தப் படத்தில் வராது. அந்த மாதங்களுக்கென்று குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அரசு தருகிறது. அதை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது என்று அவர்களிடமே கேளுங்கள். வேலை நடுவில் நிறுத்திக் கேட்காதீர்கள். நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும் நேரத்தில் நீங்களும் உங்கள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்காருங்கள்.

தேதி முடிவானதும் ஒரு கடிதம் போடுங்கள். விடிகாலை 5 மணிக்கு மரக்காணம் பேருந்து நிறுத்தத்தில் வெள்ளைத் துண்டோடு நிற்பேன். முதலில் உங்கள் தண்ணீர்ப் புட்டிகளைத்தான் பார்ப்பேன்.