கிளார்க் செய்ததும் செய்யாததும்

கல்முனையிலோ மருதமுனையிலோ கூரைகளைப் பாருங்கள்: டிஷ்கள் எல்லாம் வானத்தை அண்ணாந்தபடி இருக்கும். லண்டனில் அதே டிஷ் சுவரோடு ஒட்டி ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும். தொலைக்காட்சிச் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருப்பதும், நம் ஊர் அந்த ரேகைக்கு மிக அருகில் கிடப்பதுமே காரணம். அந்தச் செய்மதிகள் வலம் வரும் பாதைக்குக் கிளார்க் பாதை என்றும் பெயர் உண்டு. 1917இல் இங்கிலாந்தின் மைன்ஹெட்டில் பிறந்து, 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008இல் கொழும்பில் காலமான எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் பெயர்தான் அது. அவரைப் பற்றி நம்மிடையே உலவும் சில கதைகளைத் திருத்த வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: செய்மதியைக் கண்டுபிடித்தவர் கிளார்க்.

இல்லை. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் ஒரு பொருள் பூமியோடு சேர்ந்தே சுற்றும், கீழிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்பதுபோல் தெரியும் என்பதை ஒஸ்திரியப் பொறியியலாளர் ஹெர்மன் போட்டோச்னிக் முன்பே நூலாக எழுதியிருந்தார். கிளார்க்கின் பங்கு வேறு. போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையின் ராடர் பிரிவில் வேலை செய்தவர் அவர். அந்த உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய கணிப்பு தவறிய இடம். அந்த நிலையங்களில் மனிதர்கள் தங்கிப் பராமரிப்பார்கள் என்று அவர் எண்ணினார். அன்றைய வானொலிக் கருவிகள் கண்ணாடி வால்வுகளால் இயங்கின. அவை அடிக்கடி பழுதாகும். டிரான்சிஸ்டர் வந்ததோ 1947இல். பின்னர் அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனத்தில் ஹரல்ட் ரோசனும் அவரது தோழர்களும் ஆளே தேவைப்படாத, 39 கிலோ எடையுள்ள சின்கொம் செய்மதிகளை உருவாக்கினார்கள். 1964 ஓகஸ்டில் ஏவப்பட்ட சின்கொம் 3, டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைப் பசிபிக் கடலைத் தாண்டி அனுப்பியது. யோசனை கிளார்க்குடையது, இயந்திரம் ரோசன் குழுவினருடையது. கிளார்க் அந்த யோசனைக்குக் காப்புரிமை எடுக்கவுமில்லை.

நம்பிக்கை: படகிலுள்ள ஜிபிஎஸ்ஸும் கிளார்க் பாதையிலிருந்துதான் வருகிறது.

ஜிபிஎஸ் செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் ஓடுகின்றன. ஓரிடத்தில் நிற்பதில்லை, நாளுக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றுகின்றன. அமைத்தது அமெரிக்க இராணுவம்.

நம்பிக்கை: கிரேட் பாசஸ் வெள்ளிப் புதையலைக் கண்டெடுத்தவர் கிளார்க்.

இலங்கையின் தென்கிழக்குக் கடலிலுள்ள கிரேட் பாசஸ் பாறைத்திட்டில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களோடு மூழ்கிக் கிடந்த கப்பலை 1961இல் கண்டவர்கள் அவருடைய சுழியோடும் தோழர் மைக் வில்சனும் இரண்டு சிறுவர்களும். கிளார்க் அதைப் பற்றி நூல் எழுதினார். நூலாசிரியர் பெயர் நிலைத்தது, சுழியோடியவர்கள் பெயர் மங்கியது.

நம்பிக்கை: சுனாமியை அவர் முன்கூட்டியே சொன்னார்.

இந்தக் கதைதான் என்னை வருத்துகிறது. 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது காலித் துறைமுகத்தை எட்டிய அலையைப் பற்றி 1957இல் வெளியான நூலில் அவர் எழுதியிருந்தார். நடந்ததைப் பதிவு செய்தார், வரப்போவதைச் சொல்லவில்லை. 2004 சுனாமியின்போது ஹிக்கடுவையிலிருந்த அவருடைய சுழியோடும் நிலையத்தையும் கடல் கொண்டுபோனது. முன்பே அறிந்திருந்தால் அதையாவது காப்பாற்றியிருப்பார்.

அன்று சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து, கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் அலை ஏற ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. செய்மதிகள் தலைக்கு மேல் நின்றன, தொலைக்காட்சி ஓடியது. ஆனால் இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை முறையும் இருக்கவில்லை, கரையிலிருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல யாரும் வரவில்லை. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். ஒருவரைத் தீர்க்கதரிசியாக்கினால், எச்சரிக்கை முறை ஏன் இல்லை என்று யாரும் கேட்க வேண்டியிராது.

பாடசாலை வினாவிடைப் போட்டிகளுக்குக் கேள்வி எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'செய்மதியைக் கண்டுபிடித்தவர் யார்?' என்று கேட்காதீர்கள். 'மூன்று செய்மதிகள் போதும் என்று எழுதியவர் யார், அதைச் செய்து காட்டியவர் யார்?' என்று கேளுங்கள்.