கரடிக்கு முகமூடி எதற்கு?

அன்புள்ள பாப்பாவுக்கு,

'வின்னி த பூ: பிளட் அண்ட் ஹனி' படத்தைப் பார்த்துவிட்டுக் கோபமாக எழுதிய உன் கடிதம் வந்து சேர்ந்தது. சின்ன வயதில் கட்டிக்கொண்டு தூங்கிய கரடியைக் கொலைகாரனாக்கிவிட்டார்கள், இதையெல்லாம் தடுக்க ஆளில்லையா என்று கேட்டிருக்கிறாய். ஏமாற்றம் நியாயம்தான், ஆனால் அதற்கு நீ சொல்கிற காரணம் சரியில்லை. படமெடுக்கப் படிக்கிற பெண் காரணத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டாமா?

தடுக்க ஆள் இருந்தார்கள், 2021 முடியும் வரை. ஏ. ஏ. மில்ன் எழுதிய முதல் வின்னி புத்தகம் 1926-இல் வெளிவந்தது. 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் அதை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்றாயிற்று. பிரிட்டன் இயக்குநர் ரீஸ் ஃபிரேக்-வாட்டர்ஃபீல்ட் அதற்காகவே காத்திருந்தவர்போலக் கேமராவைத் தூக்கினார். ஒரு லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் சில நாட்களில் படப்பிடிப்பு முடிந்துவிட்டது. டிக்கர் எங்கே என்று தேடினாயாமே! அந்தப் புலி 1928-இல் வந்த இரண்டாம் புத்தகத்தில்தான் அறிமுகமாகிறது. அதன் பதிப்புரிமை அப்போது முடிந்திருக்கவில்லை. டிஸ்னி படங்களில் வருகிற சிவப்புச் சட்டையைக் கரடிக்குப் போட்டால் டிஸ்னி வழக்குப் போடும். அதனால் விறகுவெட்டி உடை. இதைக் கதாசிரியர் எழுதினாரா வக்கீல் எழுதினாரா என்று கேட்கத் தோன்றுகிறது. படம் 2023-இல் வெளியாகி 50 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. அடுத்த ஆண்டு, மோசமான படங்களுக்குத் தரும் ராஸி விருதுகளில் ஐந்து பிரிவுகளில் பெயர் வந்து, ஐந்தையும் தட்டிக்கொண்டு போனது.

புனிதமான ஒன்றைத் தொட்டதால் படம் கெட்டது என்று நினைக்காதே. கையில் அகப்பட்ட பொருளின் மதிப்பு தெரியாமல் அதைத் தூக்கிப் போட்டார்கள், அதனால்தான் கெட்டது.

படத்தின் தொடக்கத்தை இன்னொரு முறை போட்டுப் பார். கோட்டோவியங்களாக நகரும் அந்தச் சில நிமிடங்களில், காட்டிலிருக்கும் நண்பர்களுக்குச் சோறு போட்டு வளர்த்த கிறிஸ்டோபர் ராபின் படிப்புக்காக வெளியூர் போய்விடுகிறான். குளிர்காலம் வருகிறது. பசி தாங்காமல் மற்றவர்கள் சேர்ந்து கழுதை ஈயோரைத் தின்றுவிடுகிறார்கள். இனி மனிதரைப்போலப் பேசுவதே இல்லை என்று முடிவெடுக்கிறார்கள். கைவிடப்பட்டவர்களின் கதை இது. பயத்துக்கு இதைவிட நல்ல விதை கிடைக்காது. அதற்குப் பிறகு என்ன வருகிறது? வாடகை வீட்டில் தங்க வந்த இளம்பெண்கள், ரப்பர் முகமூடி மாட்டிய இரண்டு ஆண்கள், சுத்தியல், கத்தி. முகமூடியைக் கழற்றி வேறொன்றை மாட்டினாலும் ஒரு காட்சிகூட மாறாது. பேசமாட்டோம் என்ற அந்தச் சபதத்தை வைத்தே எத்தனை செய்திருக்கலாம்!

இத்தனைக்கும் அந்த விதை இயக்குநர் கண்டுபிடித்ததில்லை, மில்னுடையதுதான். 1928 புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் கிறிஸ்டோபர் ராபின் போகப்போகிறான். எங்கே, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, போகிறான் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஈயோர் ஒரு பிரிவுக் கவிதை எழுதுகிறான். தன்னை மறக்கமாட்டேன் என்று சொல்லச் சொல்லிப் பையன் கரடியைக் கேட்கிறான். குழந்தைகள் இதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார்கள். படித்துக்காட்டுகிற பெரியவர்களுக்குத்தான் குரல் கம்மும்.

நிஜக் கிறிஸ்டோபர் ராபின், மில்னின் மகன், 1920-இல் பிறந்தவர். விடுதிப் பள்ளியில் இந்தக் கதைகளை வைத்தே பையன்கள் அவரைக் கேலி செய்தார்கள். தந்தை தன் பெயரை எடுத்துக்கொண்டதில் அவருக்கு நெடுநாள் மனக்கசப்பு இருந்தது; 1974-இல் வந்த நினைவுக்குறிப்பில் அதை எழுதியும் வைத்தார். வளர்ந்தபின் டார்ட்மத் ஊரில் புத்தகக்கடை நடத்தியவர் அவர். கடைக்கு வருகிறவர்களுக்கோ அவர் என்றும் அந்தச் சின்னப் பையன்தான். அவர் விளையாடிய பொம்மைகள் இன்று நியூயார்க் பொது நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. வளரவே விடாத ஒரு புத்தகத்துக்குள் மாட்டிக்கொண்ட மனிதன்! பேய்ப்படம் வேண்டுமென்றால் அங்கே இருக்கிறது, ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல்.

மூலத்தின் மதிப்பு தெரிந்தவர் எடுத்தால் எப்படியிருக்கும் என்று தெரிய, செக் இயக்குநர் யான் ஸ்வாங்க்மாயர் 1988-இல் எடுத்த ஆலிஸ் படத்தைக் கட்டாயம் பார். வெள்ளை முயல் அதில் பாடம் செய்து வைத்த செத்த முயல். கண்ணாடிப் பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. நெஞ்சுத் தையல் பிரிந்து மரத்தூள் கொட்டுகிறது. அதுவோ மரத்தூளைக் கரண்டியால் அள்ளித் தின்கிறது. பார்க்கிறவருக்கு வயிற்றைப் பிசையும். ஆனால் லூயிஸ் கரோலின் கதைக்கு இவ்வளவு நெருங்கி வந்த படங்கள் குறைவு என்பது பெரியப்பாவின் எண்ணம். மூலக் கதையிலேயே ராணி தலையை வெட்டச் சொல்லிக்கொண்டுதானே அலைகிறாள்? நீல் ஜோர்டன் 1984-இல் எடுத்த 'த கம்பெனி ஆஃப் வுல்வ்ஸ்' படமும் இந்த வகைதான். சிவப்புத் தொப்பிக்காரச் சிறுமியின் கதையை மாற்றி எழுதிய ஏஞ்சலா கார்ட்டரின் கதையிலிருந்து பிறந்தது. அந்தச் சிறுமியின் கதையைப் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-இல் அச்சில் கொண்டுவந்தபோது ஓநாய் அவளைத் தின்றுவிடும், கதையும் அதோடு முடிந்துவிடும். காப்பாற்ற விறகுவெட்டியும் இல்லை, வேடனும் இல்லை.

உன் பத்து நிமிடப் படத்துக்குப் பினோக்கியோவை எடுத்துக்கொள்ளப்போவதாக எழுதியிருக்கிறாய். மூக்கிலிருந்து கத்தி முளைப்பதாக ஒரு காட்சியாம். அதை இப்போதைக்குத் தள்ளி வை. டிஸ்னியின் 1940 படத்தை மறந்துவிட்டு, பினோக்கியோவை எழுதிய கொலோடியின் மூலத்தைப் படி. சிறுவர் இதழில் 1881-இல் தொடராக வந்தது. நல்ல புத்தி சொல்லவந்த சிள்வண்டு நாலாம் அத்தியாயத்திலேயே சுத்தியலடி பட்டுச் செத்துவிடுகிறது. பதினைந்தாம் அத்தியாயத்தில் பொம்மைப் பையனைக் கருவாலி மரத்தில் தூக்கில் தொங்கவிட்டுக் கொலோடி கதையை முடித்துவிட்டார். வாசகர்கள் விடவில்லை, அதனால்தான் அவன் பிழைத்தான், 1883-இல் முழுப் புத்தகமாகவும் வந்தான். தூக்கில் தொங்குகிறவன் அந்த நேரத்தில் யாரை நினைக்கிறான் என்று கவனித்துப் படி. உன் படம் அந்த இடத்தில் இருக்கலாம்.

முகமூடி செய்கிறவருக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. முதல் வரைவைத் தாளில் எழுதித் தபாலில் அனுப்பு. ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பப் பெரியப்பாவுக்கு அதுதான் வசதி.

அன்புடன்,
பெரியப்பா