ஒன்றாம் எண்ணின் பொறுப்பு

நுழையும்முன்

கணினியின் பொத்தானை அழுத்துகிறோம்; சில நொடிகளில் திரை ஒளிர்கிறது; பணியைத் தொடங்குகிறோம். அந்தச் சில நொடிகளுக்குள் எண்ணற்ற நிரல்கள் விழித்தெழுகின்றன. அவற்றை எழுப்புவது எது? எழுந்த நிரல் இடையில் வீழ்ந்தால் அதை மீண்டும் எழுப்பும் பொறுப்பு யாருடையது? யுனிக்ஸ் வழிவந்த இயக்க அமைப்புகள் அரை நூற்றாண்டாக இவ்வினாக்களுக்குத் தேடிய விடைகளை விளக்குகிறது இப்பாடம்.

தாயும் சேயும்

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969ஆம் ஆண்டு கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோரின் முயற்சியால் யுனிக்ஸ் இயக்க அமைப்பு உருப்பெறத் தொடங்கியது. இன்று நாம் காணும் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஆப்பிள் நிறுவனத்தின் மேக் இயக்க அமைப்பு ஆகியன அதன் கொள்கைகளைப் பின்பற்றி வளர்ந்தவை.

இவ்வகைக் கணினி தொடங்கும்போது கெர்னல் எனப்படும் உட்கரு நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. வன்பொருள்களை ஆயத்தப்படுத்தியபின், அது பயனருக்குரிய முதல் நிரலை இயக்குகிறது. இயங்கிக்கொண்டிருக்கும் நிரலைச் செயல்முறை என்பர். ஒவ்வொரு செயல்முறைக்கும் ஓர் எண் உண்டு. முதல் செயல்முறையின் எண் 1. அதன் மரபுவழிப் பெயர் 'இனிட்'. தொடக்கநிலைப்படுத்துதல் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே இப்பெயர்.

யுனிக்ஸில் ஒரு செயல்முறை மற்றொன்றைத் தோற்றுவிக்கும்போது முன்னது தாய் எனவும் பின்னது சேய் எனவும் கொள்ளப்படும். பயனருக்குரிய செயல்முறைகள் அனைத்தும் இனிட்டின் வழித்தோன்றல்களே. சேய் இயங்கிக்கொண்டிருக்கையில் தாய் முடிந்துபோனால், ஆதரவிழந்த அச்சேயை வழக்கமாக இனிட்டே ஏற்றுக்கொள்கிறது. இனிட் வீழ்ந்தால் ஏற்றுக்கொள்ள எவரும் இலர். ஆதலின், லினக்ஸில் ஒன்றாம் செயல்முறை முடிந்துபோனால் உட்கரு கணினியின் இயக்கத்தையே நிறுத்திவிடுகிறது. இச்சிறு நிரலின்மேல் இத்துணைப் பெரும் பொறுப்பு சுமத்தப்பட்டிருப்பதே பின்னர் எழுந்த விவாதங்களுக்கெல்லாம் வேர்.

ஒரே கோப்பு

தொடக்ககால யுனிக்ஸில் இனிட்டின் பணி எளியது. 'ஆர்சி' என்னும் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்த கட்டளைகளை அது நிறைவேற்றச் செய்யும். பின்னர்க் கணினியோடு இணைந்த ஒவ்வொரு முனையத்திலும் பயனர் பெயரைக் கேட்கும் நிரலை இயக்கும். பயனர் ஒருவர் பணி முடித்து வெளியேறினால், அடுத்தவருக்காக அந்நிரலை மீண்டும் எழுப்பும்.

ஓர் அறையில் ஒரு கணினி, சில முனையங்கள், அருகிலேயே அதனை அறிந்த வல்லுநர் என்றிருந்த காலத்திற்கு இம்முறை போதுமானதாக இருந்தது. கோப்பை மேலிருந்து கீழாகப் படித்தால் கணினி எவ்வாறு விழித்தெழுகிறது என்பது முழுமையாக விளங்கிவிடும். ஆனால், புதிய மென்பொருள் ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் அதே கோப்பைத் திருத்த வேண்டியிருந்தது. அதில் நேரும் ஒரு பிழை கணினியின் தொடக்கத்தையே தடுத்துவிடக் கூடும்.

எண்ணிட்ட வரிசை

ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட 'சிஸ்டம் ஃபைவ்' என்னும் யுனிக்ஸ் பதிப்பின் வழியே மற்றொரு முறை பரவியது. கணினியின் நிலைகள் இயங்குநிலைகளாகப் பகுக்கப்பட்டு எண்களால் குறிக்கப்பட்டன. இம்முறையைத் தழுவிய லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் 0 என்பது நிறுத்தம். 1 என்பது பழுதுபார்ப்புக்குரிய ஒற்றைப் பயனர் நிலை. 6 என்பது மறுதொடக்கம்.

ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிக் கட்டளைக் கோப்பு எழுதப்பட்டது. ஒவ்வோர் இயங்குநிலைக்கும் ஒரு கோப்புறை அமைக்கப்பட்டு, அக்கட்டளைக் கோப்புகளுக்கான இணைப்புகள் அதில் வைக்கப்பட்டன. 'எஸ்' என்னும் எழுத்தில் தொடங்கும் இணைப்பு சேவையைத் தொடங்குவதற்கும், 'கே' என்னும் எழுத்தில் தொடங்குவது நிறுத்துவதற்கும் உரியன. எழுத்தையடுத்து வரும் ஈரிலக்க எண் வரிசையை முடிவுசெய்தது. பிணையம் 10, தரவுத்தளம் 20, இணையச் சேவையகம் 30 என எண்ணிட்டால் அவை அவ்வரிசையிலேயே தொடங்கும். புதிய சேவையைச் சேர்க்கப் பழைய கோப்புகளைத் தொட வேண்டியதில்லை.

இம்முறையிலும் குறைகள் இருந்தன. தரவுத்தளத்திற்குப் பின்னரே இணையச் சேவையகம் தொடங்க வேண்டும் என்பதை எண்கள் கூறின. அது ஏன் என்பதைக் கூறவில்லை. காரணம் கணினியை நிருவகித்தவரின் நினைவிலேயே இருந்தது. அவர் பணி மாறிச் சென்றால் காரணமும் அவரோடு சென்றுவிடும். மேலும், தொடர்பற்ற சேவைகளும் ஒன்றுக்காக மற்றொன்று காத்துநின்றன. சோறு வெந்து முடியும்வரை காய் நறுக்காமல் காத்திருக்கும் அடுக்களையைப் போன்றது அது.

வரிசைக்குரிய காரணத்தையும் எழுதிவைக்கும் வழியை 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நெட்பிஎஸ்டி 1.5 பின்பற்றியது. தான் எதை வழங்குகிறது, தனக்கு முன் எது தேவை என்பவற்றை ஒவ்வொரு கட்டளைக் கோப்பும் தன்னுள்ளேயே அறிவிக்கும். அவ்வறிவிப்புகளைப் படித்து ஒரு சிறு நிரல் சரியான வரிசையைக் கணக்கிட்டுத் தரும். மனிதர் நினைவிலிருந்த காரணம் இவ்வாறு எழுத்திற்கு வந்தது.

வீழ்ந்ததை எழுப்புதல்

தொடங்கிவைத்தபின் சேவையைக் காப்பது யார் என்னும் வினா எஞ்சி நின்றது. நள்ளிரவில் ஓர் அஞ்சல் சேவையகம் செயலிழந்ததெனக் கொள்வோம். கட்டளைக் கோப்பு தன் பணியை முன்னரே முடித்துவிட்டது. காலையில் நிருவாகி வந்து பார்க்கும்வரை மடல் எதுவும் வந்து சேராது.

பழைய முறையில் ஒரு சேவை தன்னைத் தொடங்கிய செயல்முறையிடமிருந்து விலகிப் பின்புலத்திற்குச் சென்றுவிடும். பின்னர் அடையாளம் காண்பதற்காகத் தன் எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். சேவை திடீரென வீழ்ந்தால் அக்கோப்பு அழியாமல் எஞ்சும். அதே எண் பிற்பாடு வேறொரு செயல்முறைக்கு வழங்கப்படலாம். அந்நிலையில் பழைய சேவையை நிறுத்துவதாக எண்ணித் தொடர்பற்ற செயல்முறையை நிறுத்திவிடும் இடர் உண்டு.

டி. ஜே. பெர்ன்ஸ்டைன் உருவாக்கிய 'டேமன்டூல்ஸ்' இதற்குத் தெளிவான விடையளித்தது. அதன்படி ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சிறு கண்காணிப்பு நிரல் தாயாக அமையும். சேவை அதனைவிட்டு விலகாமல் சேயாகவே இயங்கும். சேய் முடிந்தவுடன் தாய்க்குச் செய்தி அறிவிப்பது உட்கருவின் இயல்பு. ஆதலால், வீழ்ச்சியை உடனே அறிந்து சேவையை மீண்டும் எழுப்ப முடிந்தது. எண் எழுதிய கோப்புக்குத் தேவையில்லாமற் போயிற்று. கெரிட் பேப் உருவாக்கிய 'ரன்இட்' இவ்வழியைத் தொடர்ந்தது.

தெரியுமா?

ஒரு மென்பொருளைத் தனித்த சூழலில் அடைத்து இயக்கும் கொள்கலன் முறை இன்று பரவலாக உள்ளது. கொள்கலனுக்குள் முதலில் இயங்கும் நிரல் அங்கு ஒன்றாம் எண்ணைப் பெறுகிறது. அதனோடு ஆதரவற்ற செயல்முறைகளை ஏற்கும் கடமையையும் பெறுகிறது. பொதுவான நிரல்கள் பல இக்கடமைக்கென எழுதப்பட்டவை அல்ல. எனவே, கொள்கலன்களுக்கெனவே சிறிய இனிட் நிரல்கள் எழுதப்பட்டுள்ளன.

வரிசையிலிருந்து உறவுக்கு

2005ஆம் ஆண்டில் இருபெரும் மாற்றங்கள் நிகழ்ந்தன. சன் நிறுவனத்தின் சொலாரிஸ் 10, சேவைகளின் சார்புகளைப் பதிந்துவைத்து அவற்றைக் கண்காணித்து மீட்கும் அமைப்பைக் கொண்டுவந்தது. ஆப்பிள் நிறுவனம் தன் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4 பதிப்பில் 'லாஞ்ச்டி' என்னும் புதிய முதல் செயல்முறையை அறிமுகப்படுத்தியது.

சேவைகள் செய்தி பெறும் வாயிலைச் சாக்கெட் என்பர். லாஞ்ச்டி அவ்வாயிலைச் சேவைக்கு முன்னரே தான் திறந்துவைத்தது. வீட்டார் வந்து சேருமுன் வாயிலில் அஞ்சல் பெட்டியை மாட்டிவிட்டால், கடிதங்கள் அதில் காத்திருக்கும் அல்லவா? அவ்வாறே வரும் செய்திகளை உட்கரு தேக்கிவைக்கும். சேவை எழுந்ததும் அவற்றைப் பெற்றுக்கொள்ளும். கோரிக்கை வரும்போது மட்டும் சேவையை எழுப்பும் எண்ணம், 1986ஆம் ஆண்டின் 4.3 பிஎஸ்டி பதிப்பிலிருந்த 'ஐநெட்டி' நிரலிலேயே காணப்படுகிறது. அதனை முதல் செயல்முறையின் பொதுக்கடமையாக விரித்தது லாஞ்ச்டி. 2006ஆம் ஆண்டில் உபுண்டு 6.10 பதிப்பில் இடம்பெற்ற 'அப்ஸ்டார்ட்', நிகழ்வுகளின் அடிப்படையில் சேவைகளைத் தொடங்கியது.

இவ்வெண்ணங்கள் பலவற்றையும் ஒருங்கிணைத்து லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் 2010ஆம் ஆண்டில் 'சிஸ்டம்டி' என்னும் திட்டத்தை லினக்ஸுக்காகத் தொடங்கினர். இதில் நீண்ட கட்டளைத் தொடர்களுக்கு மாற்றாகச் சில வரிகள் கொண்ட விவரக் கோப்பு போதும். எந்த நிரலை இயக்க வேண்டும், எதற்குப்பின் தொடங்க வேண்டும், வீழ்ந்தால் மீண்டும் எழுப்ப வேண்டுமா என்பவற்றை அது கூறும். எவ்வாறு செய்வது என்பதைச் சிஸ்டம்டி பார்த்துக்கொள்ளும். லினக்ஸ் உட்கருவின் கட்டுப்பாட்டுக் குழுக்கள் என்னும் வசதியைக் கொண்டு, ஒரு சேவையின் வழித்தோன்றல்கள் அனைத்தையும் ஒரு குழுவாக அது அடையாளம் காண்கிறது. எனவே, தாயிடமிருந்து விலகிய சேயும் கணக்கிலிருந்து தப்புவதில்லை. 2011ஆம் ஆண்டு வெளியான ஃபெடோரா 15 இதனை இயல்பு அமைப்பாக ஏற்றது.

கருத்து மோதல்

சிஸ்டம்டிக்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. ஒரு நிரல் ஒரு பணியைச் செம்மையாகச் செய்தல் வேண்டும் என்பது யுனிக்ஸ் மரபு. இத்திட்டமோ நிகழ்வுப் பதிவு, பயனர் நுழைவு, பிணைய அமைப்பு எனப் பல துறைகளுக்கும் விரிந்தது. அவற்றுள் பல தனி நிரல்களாகவே இயங்கின என்றாலும், ஒன்றோடொன்று நெருங்கப் பிணைந்திருந்தன. வீழ்ந்தால் கணினியே நின்றுவிடும் ஒன்றாம் செயல்முறை சிறியதாக இருப்பதே பாதுகாப்பு என்றனர் எதிர்ப்பாளர். லினக்ஸ் உட்கருவின் தனி வசதிகளைச் சார்ந்திருப்பதால் இது பிஎஸ்டி அமைப்புகளில் இயங்காது என்பதும் குறையாகக் கூறப்பட்டது. சேவைகளை உறுதியாகக் கண்காணிக்க இத்தகைய ஒருங்கிணைப்பு இன்றியமையாதது என்றனர் ஆதரவாளர்.

தன்னார்வலர்கள் உருவாக்கும் டெபியன் அமைப்பில் இவ்விவாதம் உச்சம் அடைந்தது. 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதன் எண்மர் கொண்ட தொழில்நுட்பக் குழு, சிஸ்டம்டி, அப்ஸ்டார்ட் ஆகியவற்றிடையே சமமாகப் பிரிந்தது. தலைவரின் முடிவு வாக்கால் சிஸ்டம்டி தேர்வாயிற்று. அதனை ஏற்காதோர் சிலர் பிரிந்து 'டெவுவான்' என்னும் தனி வெளியீட்டை உருவாக்கினர். அப்ஸ்டார்ட்டை உருவாக்கிய உபுண்டுவும் 2015ஆம் ஆண்டில் சிஸ்டம்டிக்கு மாறியது. எனினும், வாய்ட் லினக்ஸ் ரன்இட்டையும், ஆல்பைன் லினக்ஸ் 'ஓப்பன்ஆர்சி'யையும் பயன்படுத்துகின்றன. மூலநிரல் அனைவர்க்கும் திறந்திருப்பதால், மாறுபட்டோரும் தம் வழியில் தொடர முடிந்தது.

நிறைவாக

ஒரு கோப்பிலிருந்த கட்டளைத் தொடர், எண்ணிட்ட வரிசையாயிற்று. வரிசை, சார்புகளின் அறிவிப்பாயிற்று. தொடங்கிவைத்தலோடு காத்தலும் கடமையாயிற்று. ஒவ்வொரு படியிலும் மனிதரின் நினைவிலும் விழிப்பிலும் இருந்த பொறுப்பின் ஒரு பகுதி நிரலுக்கு மாறியது. அவ்வாறு மாறும்போது நிரல் பெரிதாகிறது. அதனை முழுமையாக அறிந்தோர் குறைகின்றனர். நம்பகத்தையும் எளிமையையும் எந்த அளவில் இணைப்பது என்பதே இருதரப்பாரும் எழுப்பிய வினா. நாளை நிரல் எழுதப் புகும் ஒவ்வொருவரும் தத்தம் பணியில் இவ்வினாவை எதிர்கொள்ள நேரும்.

கற்பவை கற்றபின்...

1. எண்ணிட்ட வரிசைக்கும் சார்பு அறிவிப்புக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. பள்ளி ஆண்டுவிழாப் பணிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எதனைச் சார்ந்துள்ளது என எழுதுக. ஒரே நேரத்தில் செய்யத்தக்கவற்றை அடையாளம் காண்க.
3. 'முதல் செயல்முறை சிறியதாகவே இருத்தல் வேண்டும்' என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் உரையாடுக.