நடனப் பயிற்சியில் மனக்காட்சி

“நிமிர்ந்து நில், வயிற்றை உள்ளே இழு, தோளைப் பின்னே தள்ளு” என்பன நடன வகுப்புகளிலும் பள்ளி உடற்பயிற்சி வகுப்புகளிலும் நாள்தோறும் கேட்கும் கட்டளைகள். மாணவி உடனே கீழ்ப்படிகிறாள். மார்பு முன்னே வருகிறது, இடுப்பின் பின்புறம் குழிகிறது, மூச்சு அடைபடுகிறது. சில விநாடிகளில் களைத்துப் பழைய நிலைக்கே திரும்புகிறாள். ஆசிரியர் அதே கட்டளையை முன்னிலும் உரத்த குரலில் பிறப்பிக்கிறார். குறை மாணவியிடம் இருப்பதாகவே இருவரும் கருதுகின்றனர். உண்மையில் அது பெரும்பாலும் கட்டளையில் இருக்கிறது.

மேசைமீதுள்ள தண்ணீர்க் குவளையை எடுக்கும் ஒருவர் தம் புயத்தின் தசைகளை நினைப்பதில்லை, குவளையையே நினைக்கிறார். எந்தத் தசை எப்போது சுருங்க வேண்டும், எது தளர வேண்டும் என்பதை நரம்பு மண்டலம் அவர் அறியாமலே ஒழுங்கு செய்துவிடுகிறது. இவ்வொழுங்கில் நினைவு நேரடியாகக் குறுக்கிட்டு ஒரு தசைக்கு ஆணையிடும்போது, உடலின் மேற்பரப்பிலுள்ள பெருந்தசைகளே முதலில் விறைக்கின்றன. முன்பே இருந்த இறுக்கத்தின்மீது மற்றோர் இறுக்கம் ஏறுகிறது. அசைவு எங்கே, எத்திசையில் நிகழ வேண்டும் என்பதை மட்டும் மனத்தில் காட்சியாக அமைத்துக்கொண்டு, நிறைவேற்றும் பொறுப்பை நரம்பு மண்டலத்திடமே விட்டுவிடுவதுதான் இங்கு விளக்கப்படும் முறை.

இம்முறைக்கு வழிகோலியவர் அமெரிக்க ஆசிரியை மேபல் எல்ஸ்வொர்த் டாட். விபத்தொன்றில் முதுகில் காயமுற்ற அவர், எலும்புகளின் அமைப்பையும் எடை அவற்றினூடே இறங்கும் வழியையும் கற்று, அவற்றை மனத்தில் கண்டு பயின்றே தம் நடையைச் சீர்படுத்திக்கொண்டார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் கற்பித்தார். சிந்திக்கும் உடலைப் பற்றிய அவரது நூல் 1937-இல் வெளிவந்தது. அவருடைய மாணவி லூலு ஸ்வைகார்ட் 200-க்கும் மேற்பட்டோரிடம் இப்பயிற்சியை நடத்தி, எலும்புகளின் நிலையில் அளந்தறியத்தக்க மாறுதல்கள் உண்டா என ஆராய்ந்து, அடிக்கடி நிகழும் மாறுதல்களை ஒன்பது அசைவுக் கோடுகளாகத் தொகுத்தார். 1956 முதல் நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் நடன மாணவர்களுக்கு இதனைப் பயிற்றுவித்தார். இதற்கு வழங்கும் ‘ஐடியோகைனசிஸ்’ என்ற பெயரை அவர் எடுத்தாண்டது பியானோ வாசிப்பைப் பற்றிய நூலொன்றிலிருந்து என்பது சுவையான செய்தி.

மனத்தில் எண்ணுவது உடலை எட்டுமா என்ற ஐயம் இயல்பே. கையை மடக்குவதாக எண்ணிய அளவிலேயே கையின் தசைகளில் நுண்ணிய மின்னோட்டம் தோன்றுவதைச் சிகாகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கருவிகளால் பதிவு செய்தார். 1992-இல் வெளியான யூ, கோல் என்னும் இருவரின் சோதனை இன்னும் வியப்பானது. சுண்டுவிரலை விரிக்கும் தசையை நான்கு வாரங்கள் உண்மையாகவே சுருக்கிப் பயின்றோரின் வலிமை 30 சதவீதம் கூடிற்று. விரலை அசைக்காது, சுருக்குவதாக மனத்தில் மட்டும் பயின்றோரின் வலிமையோ 22 சதவீதம் கூடிற்று. பிற தசைகளில் நடந்த சோதனைகள் அனைத்தும் இத்துணைப் பலனைக் காட்டவில்லை. ஆகவே, மனப்பயிற்சி உடற்பயிற்சிக்குத் துணையேயன்றி அதற்கு ஈடாகாது.

பயிற்சியைப் படுத்த நிலையில் தொடங்குவது நலம். மாணவி மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, உள்ளங்கால்களைத் தரையில் ஊன்றி, கைகளை மார்பின்மீது தளர்வாகக் குறுக்கே இட்டுக்கொள்ள வேண்டும். உடலைத் தாங்கும் வேலை தரைக்குப் போய்விடுவதால் தசைகள் ஓய்கின்றன. தன் உடல் ஆளில்லாத வெற்று உடை எனவும், அதன் கால்சட்டை முழங்கால்களில் ஒரு கொக்கியில் தொங்குவதாகவும் எண்ணுமாறு ஸ்வைகார்ட் கூறுவார். காட்சியைக் காண்பதே மாணவியின் வேலை. அதன்படி உடலை அசைக்க முயலலாகாது. தொடக்கத்தில் இதுவே கடினமானது.

காட்சி உடலமைப்புக்குப் பொருந்தாவிட்டால் பயனில்லை. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தொடை எலும்பு இடுப்புடன் சேரும் மூட்டைச் சுட்டிக்காட்டும்படி வகுப்பினரைக் கேட்டால், பலர் இடையின் இரு பக்கங்களிலும் கை வைப்பர். ஒரு காலை முன்னே தூக்கும்போது தொடைக்கும் வயிற்றுக்கும் இடையே விழும் மடிப்பைத் தொடச் செய்தால், அம்மடிப்பின் நடுவில், ஆழத்தில், மூட்டு இருப்பது விளங்கும். கிண்ணம் போன்ற குழியில் பந்து போன்ற தலை சுழல்கிறது. முதுகெலும்பும் அவ்வாறே. விரலுக்குத் தட்டுப்படும் முனைகள் அதன் பின்பகுதி மட்டுமே; எடையைத் தாங்கும் கனத்த பகுதி உடலின் உள்ளே, நடுப்பக்கமாக உள்ளது. இதை அறியாத மாணவி நிமிர்வதற்காக முதுகின் தோற்புறத்தையே இழுக்கிறாள்.

பரத நாட்டியத்தின் அரைமண்டியில் இவ்வறிவு உடனே பயன்படும். முழங்கால்கள் பக்கவாட்டில் விரிவது இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். “முழங்காலைப் பின்னே தள்ளு” என்றால், மூட்டு இடம் தராதபோது மாணவி பாதங்களை மட்டும் வெளியே திருப்பிக்கொள்கிறாள். பாதம் ஒரு திசையிலும் தொடை வேறு திசையிலும் நிற்க, இடையிலுள்ள முழங்கால் முறுக்கைத் தாங்குகிறது. அதன்மீது தட்டடவு நூற்றுக்கணக்கான முறை விழுகிறது. இளம் வயதிலேயே முழங்கால் நோவுடன் நடனத்தைக் கைவிடுவோரின் துன்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

தள்ளும்படி சொல்வதற்குப் பதிலாக, முழங்காலின் நடுவிலிருந்து இடுப்பு மூட்டின் நடுவுக்கு ஒரு நூல் மெல்ல உள்வாங்கப்படுவதாகக் காணச் சொல்லலாம். இது ஸ்வைகார்டின் ஒன்பது கோடுகளுள் ஒன்று. கீழிறங்குவதற்குக் கிணற்று வாளி நல்ல உருவம். வாளி இரு தொடைகளுக்கும் நடுவே நேராக இறங்குகிறது. கயிறோ தளராமல் உச்சந்தலை வழியே மேலே நிற்கிறது. இடுப்பு தாழ்வதும் முதுகு நீள்வதும் ஒரே காட்சியில் அடங்கிவிடுகின்றன. மூட்டின் எலும்பு வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். எந்தக் காட்சியும் அதை மாற்றாது. குறைவாக விரியும் மாணவிக்குப் பாதங்களின் கோணத்தைக் குறைத்துக் கொடுப்பதே முறை.

எல்லா நடனங்களுக்கும் ஒரே உருவம் ஏற்காது. ஒடிசியின் திரிபங்கியில் இடுப்பும் மேலுடலும் எதிரெதிரே விலகுவதால் நேர்க்கோட்டு உருவம் தடையாகும். கதக்கின் சுழற்சிக்குக் கோல் நிலைத்துச் சுழலும் தயிர்மத்து பொருந்தும். மத்தைக் கண்டிராத நகரத்துப் பிள்ளைகளுக்குப் பம்பரம் போதும்.

ஒரு வகுப்பில் ஓர் உருவத்துக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. சிலருக்குக் காட்சி எளிது. சிலருக்குத் தொடுவுணர்வே எளிது. அவர்களுக்கு ஆசிரியர் உரிய இடத்தை விரலால் லேசாகத் தொட்டுக் காட்டலாம். பல வாரங்கள் பழகிய உருவம் வெறுஞ்சொல்லாகிவிடும். அப்போது புதிய உருவத்தை மாணவியிடமே கேட்பது நன்று. அவள் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் கொண்டுவருவது ஆசிரியருடையதைவிட நன்றாக வேலை செய்வதுண்டு. முழங்காலிலோ முதுகிலோ தொடர்ந்து வலியிருப்பின், பயிற்சியை நிறுத்தி முதலில் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.