குமரப் பருவம் – ஒரு தவணைக் காலம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

முன்னுரை

குழந்தை என்று சொன்னால் கோபம் வருகிறது. பெரியவன் என்று சொல்லிப் பொறுப்பைக் கொடுத்தால் மலைப்பு வருகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலமே குமரப் பருவம். 10 வயது முதல் 19 வயது வரை உள்ள காலத்தை உலக சுகாதார நிறுவனம் இப்பருவமாக வரையறுக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இவ்வயதினர் 25 கோடிக்கு மேற்பட்டோர். இப்பருவத்தில் உடல் எவ்வாறு மாறுகிறது என்பதை விலங்கியல் மாணவர்களாகிய நாங்கள் வகுப்பில் படிக்கிறோம். 'நான் யார்?' என்னும் வினா உள்ளத்தில் எவ்வாறு எழுகிறது, அதற்கு விடை தேட யாருக்கு நேரம் கிடைக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடலும் மூளையும்

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் தூண்ட, பிட்யூட்டரி சுரப்பி விழித்துக்கொள்கிறது. அதன் கட்டளைப்படி இனப்பெருக்கச் சுரப்பிகள் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. குரல் உடைவதும் உயரம் கூடுவதும் வெளியே தெரியும் மாற்றங்கள். உள்ளே மூளையும் மாறிக்கொண்டிருக்கிறது. மகிழ்ச்சியையும் பரபரப்பையும் நாடும் பகுதிகள் முன்னதாகவே வேகம் கொள்கின்றன; முன்பின் எண்ணிப் பார்த்து அடக்கும் முன்நெற்றிப் பகுதியோ இருபத்தைந்து வயதை ஒட்டியே முழு முதிர்ச்சி அடைகிறது.

இவ்வயதினருக்கு நண்பர்களே உலகம் என்பதற்கும் சான்று உண்டு. 2005இல் கார்ட்னர், ஸ்டெய்ன்பெர்க் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பல வயதினருக்கும் கொடுத்துப் பார்த்தனர். நண்பர்கள் அருகில் இருந்தபோது சிறுவயதினர் கூடுதலான ஆபத்தைத் துணிந்து ஏற்றனர். வளர்ந்தவர்களிடம் அத்தகைய மாற்றம் இல்லை. சேலம் – நாமக்கல் சாலையில் ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர் பறப்பதைக் கண்டவர்களுக்கு இம்முடிவு வியப்பளிக்காது. ஆனால் அதே நண்பர் கூட்டம்தான் நூலகத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நம்மை அழைத்துச் செல்கிறது என்பதையும் மறக்கலாகாது.

எரிக்சன் கண்ட வினா

இப்பருவத்தின் உளவியலை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் எரிக் எரிக்சன் (1902–1994). ஜெர்மனியில் பிறந்த இவர் தம்மைப் பெற்ற தந்தை யாரென்று அறியாதவர். வளர்ப்புத் தந்தை யூதர். யூதர்களின் பள்ளியில் இவருடைய வெளிர்நிற முடியைக் கண்டு கேலி செய்தார்கள். பொதுப் பள்ளியிலோ யூதன் என்று கேலி செய்தார்கள். பள்ளிப் படிப்புக்குப் பின் ஓவியராக ஊர் ஊராகத் திரிந்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெறாமலே பின்னாளில் பேராசிரியரானார். 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்னும் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். தன் அடையாளத்தைத் தானே தேடியவர், அத்தேடலையே அறிவியலாக்கினார்.

1950இல் வெளியிட்ட நூலில் அவர் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். ஐந்தாவது கட்டமே குமரப் பருவம். 'நான் யார்? எதை நம்புகிறேன்? என்ன தொழில் செய்வேன்?' என்னும் வினாக்களுக்கு விடை கண்டவர் உறுதி பெறுகிறார், காணாதவர் குழம்புகிறார். விடை காண்பதற்காகச் சமுதாயம் இளைஞருக்குப் பொறுப்பிலிருந்து சிறிது கால விலக்கு அளிக்கிறது. இதற்கு எரிக்சன் சூட்டிய பெயர் கடன் தொடர்பான ஒரு சொல். தமிழில் 'தவணை' எனலாம். புதுச்சத்திரம் பக்கத்து விவசாயிகளுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. மழை பொய்த்த ஆண்டில் கடனைக் கட்டச் சற்றுப் பொறுத்துக்கொள்வதுதான் தவணை.

நான்கு நிலைகள்

எரிக்சன் கருத்தை 1966இல் ஜேம்ஸ் மார்சியா மேலும் விரித்தார். ஒருவர் தேடினாரா, முடிவு செய்தாரா என்னும் இரு கேள்விகளால் அவர் நான்கு நிலைகளை வகுத்தார். எங்கள் ஊர்ப்புறத்தைக் கொண்டே அவற்றை விளக்கலாம்.

தேடாமலே முடிவை ஏற்பது முதல் நிலை. தகப்பனார் ரிக் லாரியில் போனார் என்பதற்காகப் பத்தாம் வகுப்பு முடித்த மறுமாதமே ரிக் லாரி ஏறுபவன் இதற்கு எடுத்துக்காட்டு. மருத்துவராகத்தான் வேண்டுமென்று வீட்டார் முடிவு செய்ய, வேறெதையும் எண்ணாமல் விடுதிப் பள்ளியில் இரண்டாண்டு மனப்பாடம் செய்பவனும் இதே நிலையில்தான் இருக்கிறான். தேடவும் செய்யாமல், முடிவும் செய்யாமல் காலம் கழிப்பது இரண்டாம் நிலை. தேடிக்கொண்டிருப்பது மூன்றாம் நிலை; இதுவே தவணை. தேடிப் பார்த்துத் தெளிந்து முடிவு செய்வது நான்காம் நிலை.

தவணை யாருக்கு?

மார்சியா 1966இல் ஆராய்ந்தது ஆண் கல்லூரி மாணவர்களை மட்டுமே. கல்லூரிக்கு வராதவர்களின் குமரப் பருவம் எப்படி இருக்கும்?

என் அக்காள் பத்தாம் வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் பெற்றவர். பதினாறு வயதில் ஒரு நூல் மில்லுக்கு மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டார். மில் விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை கிடைக்கும் என்பது ஏற்பாடு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று பேசப்பட்டது இம்முறைதான். ஒப்பந்தம் மூன்று ஆண்டு. பட்டப் படிப்பும் மூன்று ஆண்டு! கால அளவு ஒன்றே. ஒன்றில் தேடலுக்கு இடமுண்டு. மற்றொன்றில் ஷிப்டு மணி மட்டுமே உண்டு. இக்கட்டுரைக்காக அக்காளிடம், "அந்த வயதில் என்னவாக வேண்டுமென்று நினைத்தாய்?" என்று கேட்டேன். "அதையெல்லாம் யோசிக்க அப்ப ஏது கண்ணு நேரம்?" என்றார். உளவியல் நூல்களில் நான் படித்த எதையும்விட இவ்விடை எனக்குப் பாடமாயிற்று.

உலா இலக்கியம் பெண்ணின் வயதைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று தொடங்கி ஏழு பருவமாக எண்ணியது. பதினான்கு முதல் பத்தொன்பது வரை மடந்தைப் பருவம். உலாவில் அவள் தலைவனைக் கண்டு காதல் கொள்ளும் நிலை வயதுக்கேற்ப விரிகிறது. தன் வாழ்வைப் பற்றி அவள் என்ன எண்ணினாள் என்பதற்கு அங்கே இடமில்லை. அவ்விடத்தை இன்று கல்வி ஒன்றே நிரப்ப முடியும். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறுவோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க, மாணவியருக்காக 2022இல் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டமும், மாணவருக்காக 2024இல் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும், ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமுதாயம் தந்த தவணை என்றே கொள்ளலாம்.

கட்டிவிட்ட அடையாளம்

தேடிக்கொள்ளும் அடையாளம் ஒன்று. பிறர் கட்டிவிடும் அடையாளம் மற்றொன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் சாதியின் பெயரால் வெட்டப்பட்டார். அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்து 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. 'நான் யார்?' என்று கேட்கத் தொடங்கும் வயதில் ஒரு கயிற்றை விடையாகக் கொடுத்துவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும். கூட்டத்தோடு சேரும் ஆசை மிகுந்த வயது அது. ஆகவே அக்கயிறு எளிதில் இறுகிவிடுகிறது.

முடிவுரை

இருபது வயதில் விடை முழுதும் கிட்டிவிடும் என்பதில்லை. நம் மாவட்டத்து மோகனூரில் 1888இல் பிறந்த இராமலிங்கம் பிள்ளை, முதலில் ஓவியர். 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்கு வழிநடைப் பாடல் எழுதியபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. நாமக்கல் கவிஞர் என்று நாடு அவரை அறிந்துகொண்டது அதன் பிறகுதான். எனவே அவசரம் வேண்டா, அசட்டையும் வேண்டா.

மாணவ நண்பர்களே! குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்மில் பலர். நமக்குக் கிடைத்துள்ள மூன்றாண்டுத் தவணைக்கு வட்டியை நம் வீட்டில் வேறு யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாட நூலுக்கு வெளியேயும் படிப்போம். நம் தெருவைச் சேராதவர்களோடும் பழகுவோம். பிடித்த துறை எதுவென்று துணிந்து தேடுவோம். நமக்குப் பின்னால் பத்தாம் வகுப்பில் நிற்கும் தம்பி தங்கையருக்கும் இத்தவணையை வாங்கிக் கொடுப்போம். அதுவே நாம் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்.